மன்றத்தைக் கொஞ்சம் தெருவுக்குக் கொண்டு வாருங்கள்

கல்லூரியில் பிரெஞ்சு மன்றம் தொடங்கினால் மாணவர்களுக்குப் பிரெஞ்சுப் பேச்சு தானாக வந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் காரைக்குடிப் பக்கம் நான் பார்த்த மன்றங்களில் பாதி நேரம் வரவேற்புரையிலும் பொன்னாடையிலுமே போய்விடுகிறது, அதுவும் தமிழில்! பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் (DELF) தேர்விலோ 100க்கு 25 மதிப்பெண் பேச்சுக்குத்தான்.

மன்றத்தோடு, செட்டிநாட்டு மாளிகைகள் இருக்கும் கானாடுகாத்தானுக்குப் போங்கள். ஒருவர் பயணி, இன்னொருவர் வழிகாட்டி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதியாக நடந்துகொண்டே பிரெஞ்சில் விளக்க வேண்டும். பர்மாத் தேக்கு எப்படி வந்தது, சுவர்ப்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு எதற்கு என்று கேட்டால் வினைச்சொற்கள் எல்லாம் தடுமாறும். தடுமாறட்டும். உடனே திருத்தாமல் குறித்துவைத்து அப்புறம் சொல்லுங்கள். பிரெஞ்சுப் பயணிகள் எதிர்ப்பட்டால் ‘போன்ஜூர்’ சொல்லிப் பேச்சுக் கொடுக்கலாம். செல்ஃபி மட்டும் கேட்காதீர்கள்.