பிசியோ படித்தவர்கள் ஏன் கோடிங் வேலைக்குப் போகிறார்கள்?

நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு வருடம் என்னோடு இருந்த பெண் போன வாரம் வேலையை விட்டுவிட்டாள். சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். அமெரிக்க நோயாளிகளின் ரெக்கார்டைப் படித்து, இன்சூரன்ஸ் பில்லுக்காக ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு போடும் வேலை. என்னோடு பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்தவர்களிலேயே எத்தனையோ பேர் அங்கேதான் இருக்கிறார்கள். கிளம்பும்போது, "அக்கா, இந்த வேலை பிடிக்காம போகல" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அவள் போனதும் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு சேவை மனப்பான்மை கிடையாது." அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஒரு ஐயா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் ஒன்றரை மாதம் புறா ரத்தம் தேய்த்திருக்கிறார்கள். நான் போனபோது கை இறுகி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. அவரை எழுப்பி உட்கார வைக்க, வீட்டம்மா அந்தச் செயலிழந்த கையையே பிடித்து இழுப்பார். தசைகள் தளர்ந்துபோன தோளை அப்படி இழுத்தால் மூட்டு மெல்ல நழுவும். வலி வந்துவிட்டால் அப்புறம் பயிற்சியே செய்ய விடமாட்டார்கள். அதனால் முதல் நாள் ஐயாவை விட்டுவிட்டு, அம்மாவுக்குத்தான் பாடம் எடுத்தேன்: எங்கே பிடிப்பது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, தலையணையை எங்கே வைப்பது என்று.

"உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று ஒருநாள் கேட்டேன். நடக்கணும் என்பார் என்று நினைத்தேன். அவரோ வலது கையால் இடது கை விரல்களைப் பிரித்துக் காட்டி, "இதுல நோட்டு நிக்கணும்மா" என்றார். கண்டக்டர்கள் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகி வைத்திருப்பார்களே, அது. விரல்களை ஒன்றோடொன்று சேர்க்கும் சின்னத் தசைகளைச் சோதிக்க நாங்கள் ஒரு அட்டையை இடுக்கில் வைத்து இழுத்துப் பார்ப்போம். அவருக்கு அட்டையை விட்டுவிட்டுப் பத்து ரூபாய் நோட்டை வைத்தேன். மாதக்கணக்கில் அது நழுவிக்கொண்டே இருந்தது. இடையில் பல்லாங்குழிப் பலகையில் புளியங்கொட்டை பொறுக்கிப் போடுவது, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுவது. ஏழாவது மாதம் ஒரு காலை நேரம், நான் இழுத்தேன், நோட்டு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். அப்போதும் வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தார்.

இதைப் பார்த்தவர்கள் மனசறிந்து இந்த வேலையை விடமாட்டார்கள். போன பெண்ணும் இதையெல்லாம் பார்த்தவள்தான். அப்படியும் ஏன் போனாள்?

நாலரை வருடம் படித்துவிட்டு, அவள் மாதம் 12,000 வாங்கினாள். ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் போக, வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. புதிய பாடத்திட்டத்தில் படிப்பு ஐந்து வருடம் ஆகிறது. சம்பளம் அதோடு சேர்ந்து வளரவில்லை. மேற்படிப்பான எம்பிடி முடித்தால் கொஞ்சம் கூடும், கல்லூரியில் பாடம் எடுக்கப் போகலாம். சிலர் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுகிறார்கள்.

சம்பளத்தைவிட என்னை உறுத்துவது நேரம். பல இடங்களில் ஒரு பிசியோ ஒரே சமயத்தில் நாலு பேரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்குக் கரண்ட் வைத்துவிட்டு, அடுத்தவருக்கு மெழுகு, அதற்கடுத்தவருக்கு ஒத்தடம். மெஷின் வேலை செய்யும், நாம் ஓடுவோம். பார்த்த தலைகளை எண்ணித்தான் மாதக் கணக்கு. கரண்ட் வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். விழுந்த கை திரும்பிவர, சரியான அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தப்பைத் திருத்த வேண்டும். மூளை அப்படித்தான் மறுபடி கற்றுக்கொள்கிறது. அதிலும் முதல் சில மாதங்கள் ரொம்ப முக்கியம். அந்த நேரத்தைப் பறித்துக்கொண்டு, பிசியோவிடம் மனப்பான்மை இல்லை என்று சொன்னால் எப்படி?

நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். ஒரு வேலைக்கு இருந்த தசையை இன்னொரு வேலைக்கு மாற்றிவிட்டால், அதை இயக்க நோயாளி பழக வேண்டுமே. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து அந்தப் பழக்கத்தைக் கொடுப்பது பிசியோவின் வேலை. அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் வந்தது அவரால்தான். ஆற அமரப் பழக்கும் வைத்தியம் நமக்குப் புதிதல்ல.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, அதில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் இருந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆஸ்பத்திரிக்கு வர ஆட்டோவுக்குக் காசில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வேலையும் தொகுப்பூதியத்தில்தான். நிரந்தரப் பணியிடமாக்கினால் ஒரே ஆள் வருடக்கணக்கில் அதே ஊர்களைப் பார்த்துக்கொள்ள முடியும்.

பிசியோக்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்ற சண்டையும் உண்டு. 2025 செப்டம்பரில் டெல்லியில் மத்திய சுகாதாரத் துறையிலிருந்து கூடாதென்று ஒரு கடிதம் வந்து, மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. மரியாதை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த குரலில் பாதியைச் சம்பளத்துக்கும் நேரத்துக்கும் கொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

முந்தாநாள் எங்கள் தெருப் பெண்ணின் அப்பா கேட்டார்: "எம்பிபிஎஸ் கெடைக்கலம்மா, பிசியோ போடலாமா?" அவளையே கூப்பிட்டுப் பேசினேன். முதலில் சம்பளத்தைச் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள், "நோட்டு நின்னுச்சுல்ல, அவர நான் பாக்கலாமா அக்கா?" என்றாள்.

ஐயாவிடம் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அழைத்துப் போகிறேன்.