கோயில் இரைச்சலில் வளர்ந்தவன் எழுதுவது

அந்தப் பாட்டுப் போட்டிக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் திரும்பப் போடவில்லை. பத்து வயதுப் பிள்ளை, கண்ணகி அம்மனைக் குளிர்விக்கக் கோயிலில் பாடுகிற குளிர்த்திப் பாட்டில் நாலு அடி பாடி முடித்ததும் நடுவர் ஐயா சிரித்துக்கொண்டே சொன்னாரே, "இது கோயில் இரைச்சல் புள்ள, சங்கீதம் இல்லை. முறையாப் படிச்சிட்டு வாங்க" என்று. சபையும் சேர்ந்து சிரித்தது. நாலு நாளாக அந்தச் சிரிப்புத்தான் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

ஐயா பெரிய வித்துவான், மறுக்கவில்லை. பிள்ளைக்குச் சுருதி சற்று விலகியது, அதுவும் சரி. ஆனால் அந்தக் காதுக்குள் என்னவெல்லாம் சேர்ந்து கிடக்கிறது என்று சுருதிப்பெட்டியை வைத்து அளக்க முடியுமா? சின்ன வயதில் காதில் விழுந்தது எங்கேயும் போகாது. நாளைக்கு அந்தப் பிள்ளை பாடினாலும், கதை எழுதினாலும், சட்டை தைத்தாலும் அதுதான் கையில் வந்து நிற்கும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் படுவான்கரைக்காரன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். கரண்ட் இல்லாத காலம், சண்டைக் காலம். கூத்து என்றால் அம்மம்மா பின்னேரமே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் கூத்தாடுகிற வட்டக்களரி ஓரத்தில் இடம் பிடிப்பா. அரசன் வரவு ஆடும்வரை முழித்திருப்பேன். மறுகா நித்திரை. பத்தடி தள்ளி மத்தளம் அதிரும், நான் பாட்டுக்குத் தூங்குவேன். மத்தளம் நின்றால்தான் விழிப்பு வரும். கண்ணைத் திறந்தால் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஆட்டக்காரர் அசையாமல் நிற்பார். அவர் முகத்து அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு வியர்வை வழியும். கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கிற அண்ணாவியாரின் கை தோலுக்கு ஒரு சாண் மேலே அப்படியே நிற்கும். அடுத்த அடி விழும்வரை மூச்சு விடமாட்டேன்.

இன்றைக்கு நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணிச் சாப்பிடுகிறவன். குறும்படமும் வெட்டிக் கொடுக்கிறேன். "எந்த இடத்தில வெட்டுறதெண்டு எப்படி அண்ணே தெரியும்?" என்று பொடியன்கள் கேட்பார்கள். என்னத்தைச் சொல்ல? அண்ணாவியாரின் கை தூக்கி நிற்கிற இடத்தில்தான் வெட்டுகிறேன். மென்பொருளில் அதற்குப் பட்டன் கிடையாது.

இனிக் கேள்வியோடு வரப்போகிறவர்களுக்கு. "எல்லாப் பிள்ளையும்தான் கூத்துப் பார்த்தது, எல்லாரும் கலைஞரா ஆனார்கள்?" ஆகவில்லை. என் தம்பி வயல் செய்கிறான். அவன் வரப்பில் நின்று விசிலடிப்பதைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். "முறையாகப் படிக்க வேண்டாமா?" படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஏற்கெனவே காதில் இருப்பதைக் குப்பை என்று சொல்லிவிட்டுப் படிப்பிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். "பறைமேளம் அடித்தவர்களைக் கோயிலில் எங்கே நிற்கவைத்தீர்கள்?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இன்னொரு நாள் பேசுவோம். (ஓம், நழுவுகிறேன்.)

அப்புறம் விபுலாநந்த அடிகள். நடுவர் ஐயா அன்றைக்குப் பேச்சைத் தொடங்கியதே அடிகளின் பேரைச் சொல்லித்தான்! அடிகள் 1892இல் பிறந்தது எங்கட கிழக்கிலங்கைக் காரைதீவில். கண்ணகி அம்மன் கோயில் இருக்கிற ஊர். விஞ்ஞானம் படித்து, படிப்பித்த மனிதர், கடைசியில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு பழந்தமிழர் யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்தார். யாழ் நூல் 1947இல் வெளிவந்தது, அதே வருசம் கண்ணை மூடினார். கண்ணகி கதை சின்ன வயதில் அடிகளுக்கு முதலில் புத்தகத்தில் இருந்தா வந்திருக்கும்? அடிகள் அப்படி எங்கே எழுதியிருக்கிறார் என்று பக்க எண் கேட்டு வராதீர்கள். காரைதீவில் பிறந்த பிள்ளையின் காதைப் பற்றிப் பேச எனக்குச் சான்றிதழ் வேண்டாம்.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கோபம் அந்தப் பிள்ளைக்காக மட்டும் இல்லை. ஆறாம் வகுப்பில் சங்கீதமா சித்திரமா என்று பாடம் பிரித்தபோது நானும் ஒருவர் முன்னால் பாடினேன். எனக்கு வேறென்ன தெரியும், ஆடிக்கொண்டே பாடுகிற வசந்தன் கூத்துப் பாட்டு ஒன்று, காலால் தட்டிக்கொண்டு. "காலை ஆட்டாம நில்லு" என்றார். நின்றேன். பாட்டு வரவில்லை. சித்திரத்துக்குப் போனேன். முப்பது வருசமாகிறது. இன்னமும் யாராவது பாடச் சொன்னால் நான் முதலில் குனிந்து என் காலைத்தான் பார்க்கிறேன்.

எடிட்டர் புத்தி, அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாடும்போது பிள்ளையின் வலக்கை பாவாடையில் தாளம் போடுகிறது. ஐயா வாயைத் திறந்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறது. யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் ஐயாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையின் அம்மா இதை வாசித்தால், தங்கச்சி, வைகாசியில் எங்கட ஊரில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கும். குளிர்த்தி அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்க. மண்டூர்ப் பாதையால் வந்தால் கிட்ட. பாய் நான் கொண்டுவாறன்.