ஆதிலட்சுமி கிடக்கும் இடம்

பழைய கடல் வரைபடங்களையும் கடலடி ஆழத் தரவையும் பொருத்திப் பார்த்து மூழ்கிய கப்பல்களைத் தேடுவது பற்றிய ஒரு கட்டுரையை இலங்கை மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து வாசித்தேன். எங்களுக்குக் கடல் தூரம். ஆனால் எங்கள் ஆட்கள் வந்ததே கடல் வழியாகத்தான். 1864இல் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி வந்த ஆதிலட்சுமி கப்பல் மூழ்கி 120 பேர் மாண்டதாக மலையகத்தில் இன்றும் சொல்கிறோம். அந்தப் பேச்சு வந்தாலே அப்பாயி கையிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

அந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் இன்னும் விரிவாக வந்திருக்கலாம். அந்தக் காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கித்தான் ஆழம் பார்த்தார்கள், கணக்கு பாகத்தில். ஒரு பாகம் 1.83 மீட்டர். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைப் பூசி இறக்கினால், கீழே மணலா சேறா என்பதை அதில் ஒட்டி வருவதே சொல்லிவிடும். ஆனால் குண்டு விழாத இடமெல்லாம் வெற்றிடம்தான். உலகக் கடல்களின் ஆழத்தைக் கட்டம் கட்டமாகத் தரும் இன்றைய ஜெப்கோ (GEBCO) தரவிலும் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர். பாய்க்கப்பல் ஒன்று அதற்குள் தெரியவே தெரியாது. ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பி ஆழம் பார்க்கும் பல்கற்றை சோனார்தான் வேண்டும். பாக்கு நீரிணை மாதிரி ஆழம் குறைந்த கடலில் அது ஒரு ஓட்டத்தில் ஆழத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு அகலத்தைத்தான் பார்க்கும், வேலை இழுபடும்.

இழுபட்டாலும் யாராவது செய்ய வேண்டும். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே தெரியும், போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம். அந்த 120 பேருக்கு எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.