"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்"

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு 76 வயது. பின்னந்தலையில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். எழுந்து வந்து காபி குடித்தார். தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார், பேரனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கிளினிக்கில் காட்டினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். சித்திதான் விடாப்பிடியாக நின்று ஸ்கேன் எடுக்க வைத்தார். மூளைக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தது. மண்டையில் துளை போட்டு எடுத்தார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. அதன் மேலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டே நிற்கும். லேசான அடியிலும் கிழிந்து கசியும். உள்ளே காலி இடம் இருப்பதால் உடனே எதுவும் தெரியாது, வாரக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் காட்டும். அப்பா இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர். அப்படிப்பட்ட மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் அன்றைக்கே ஸ்கேன் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

பிரஷரும் ஏமாற்றும். வழக்கமாக மேல் அளவு 150 இருப்பவருக்கு விழுந்த பிறகு 105 என்றால் அது நார்மல் இல்லை. 65 வயதைத் தாண்டியவருக்கு 110-க்குக் கீழே போனாலே பலத்த காயமாக இருக்கலாம் என்றுதான் அமெரிக்க ஆம்புலன்ஸ் வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. உள்ளே ரத்தம் போனால் நாடி வேகமாக அடிக்க வேண்டும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற, நாடியை மெதுவாக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதுவும் ஏறாது. அதனால் மாத்திரைச் சீட்டை மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.

இடுப்பெலும்பு முறிந்தால், "இந்த வயசில் ஆபரேஷன் தாங்குமா" என்று வீட்டிலேயே கிடத்திவிடுகிறோம். படுக்கைதான் ஆளைக் கொல்கிறது: சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டு. பிரிட்டனில் அன்றோ மறுநாளோ அறுவை செய்யச் சொல்கிறார்கள். விலா எலும்பு உடைந்தாலும் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வலித்தால் இருமமாட்டார்கள், சளி தங்கி நிமோனியாவாகும்.

அப்புறம், ஏன் விழுந்தார் என்று யாருமே கேட்கவில்லை. கடைசியில் ஓர் இளம் டாக்டர் அப்பாவைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார். நின்றதும் சரசரவென்று இறங்கியது. புராஸ்டேட்டுக்காகப் புதிதாக ஆரம்பித்த மாத்திரைதான் காரணம் என்று அதை மாற்றிக்கொடுத்தார். இப்போது இரவில் எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் அப்பா நடக்கிறார்.