சிவப்புக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் போடுங்கள்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. டேப்பில் ஒரே நிறப் பந்துகளை மூன்று மூன்றாகச் சேர்க்கும் விளையாட்டு ஒன்றில் தோற்றுக்கொண்டே இருந்தான். பச்சைப் பந்தைக் கொண்டுபோய் ஆரஞ்சோடு சேர்க்கிறான், அது சேர மாட்டேன் என்கிறது, மறுபடியும் அதையே செய்கிறான். "கவனமா ஆடுடா" என்று அக்கா அதட்டினாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் என் கண்ணுக்கும் அந்த இரண்டு பந்தும் ஒன்றுதான்.

சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத இந்தக் குறைபாட்டை நிறக்குருடு என்பார்கள். எங்கள் வீட்டில் இது தாய்மாமன் வழியாக வருகிறது. அம்மாவின் தம்பிக்கு இருந்தது, அப்புறம் எனக்கு, இப்போது இவனுக்கு. சிவப்பு, பச்சை உணர்வதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் தனக்குத் தெரியாமலே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்கு இந்தக் குறைபாடு உண்டு என்பார்கள், நம் நாட்டில் அதைவிடக் குறைவு, ஆனாலும் ஒரு பெரிய வகுப்பறையில் ஒரு பையனாவது இருப்பான். நாங்கள் உலகத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீலம் நன்றாகவே தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு, ஆரஞ்சு இவைதான் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். இந்த முகநூலைத் தொடங்கிய மார்க் ஸக்கர்பெர்க்கே சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர், தனக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும் என்று 2010-ல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

சரி, டேப் விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் அக்சஸிபிலிட்டிக்குள் 'கலர் கரெக்‌ஷன்' என்று இருக்கும். பச்சை உணர்வு குறைந்தவர்களுக்கு ஒன்று, சிவப்பு குறைந்தவர்களுக்கு ஒன்று, நீலம்-மஞ்சள் குழப்பம் உள்ளவர்களுக்கு ஒன்று. எது யாருக்கு என்று பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொன்றாகப் போட்டு அந்த ஆளிடமே கேளுங்கள். இரண்டாவது முறை மாற்றியதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, இது ரெண்டும் வேற வேற கலருங்களா?" என்றான். அது வரைக்கும் தான் தப்பாக ஆடுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அக்கா ஒன்றும் பேசவில்லை.

இந்த வசதி நமக்கு இல்லாத நிறத்தைக் கொண்டுவந்து தராது, அதைப் புரிந்துகொள்வது முக்கியம். எங்களுக்குத் தெரியாத சிவப்பு-பச்சை வித்தியாசத்தைத் தெரிந்த பக்கத்துக்கு, அதாவது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நகர்த்துகிறது, அவ்வளவுதான். அதனால் சிவப்பில் நீலச் சாயல் ஏறும், போட்டோவில் ஆட்களின் முகம் விநோதமாக இருக்கும். எப்போதும் போட்டு வைக்க முடியாது. விண்டோஸில் 'கலர் ஃபில்டர்ஸ்' பக்கத்தில் ஷார்ட்கட்டை ஒருமுறை அனுமதித்துவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும், வரும், போகும். ஐபோனிலும் ஓரப் பட்டனை மூன்று முறை அழுத்தினால் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்வதுதான் என் பழக்கம்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்காக இல்லை. செட்டிங்ஸை மாற்றிக்கொள்வது எங்கள் பொறுப்பு, செய்துகொள்கிறோம். அது பாதிதான். மீதிப் பாதி திரையில் எதை எப்படிப் போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் ஷீட் ஒன்று உண்டு. அனுப்பலாம் என்றால் அந்தக் கட்டம் பச்சை, நிறுத்தி வை என்றால் சிவப்பு, எழுத்து எதுவும் கிடையாது. நாற்பது ஐம்பது வரி, எல்லாம் எனக்கு ஒரே மங்கல் பழுப்பு. நிறுத்தி வைக்கச் சொன்ன மூன்று லாட்டை நான் லாரியில் ஏற்ற அனுப்பிவிட்டேன். எல்லார் முன்னாலும் "இதுகூடவா கண்ணு தெரியல" என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லவில்லை, வேலை போய்விடுமோ என்ற பயம். இந்தப் பயத்தில்தான் பலர் வாயே திறப்பதில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கே 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தி, லேசான, நடுத்தர அளவு குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் அலுவலகத்தில் சொல்ல இன்னும் நாக்கு எழுவதில்லை.

அந்தக் கட்டத்தில் 'ஹோல்டு' என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. டிராஃபிக் சிக்னலில் நாங்கள் தடுமாறாததற்குக் காரணம் சிவப்பு எப்போதும் மேலே இருப்பதுதான். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வலைத்தள வழிகாட்டியில் 1999-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பஸ் டிக்கெட் ஆப்பில் காலி சீட் எது, பெண்கள் சீட் எது என்று நான் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறேன். ஆப் செய்கிறவர்கள், பவர்பாயிண்ட் போடுகிறவர்கள், எல்லாரும் ஒரே ஒரு தடவை உங்கள் திரையை முழுக்க கிரேஸ்கேலுக்கு, அதாவது கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் விஷயம் புரிந்தால் எங்களுக்கும் புரியும். குரோம் உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் எங்கள் பார்வை எப்படி இருக்கும் என்றே காட்டும் வசதி இருக்கிறது. போனில் இருக்கும் கலர் கரெக்‌ஷனைப் போட்டுவிட்டு "ஓ, உங்களுக்கு இப்படித்தான் தெரியுமா" என்று கேட்காதீர்கள், அது எங்களுக்கான திருத்தம், எங்கள் பார்வை இல்லை.

அக்கா மகனின் கணக்கு டீச்சர் இரண்டு ஊர்களின் மழையளவை ஒரே வரைபடத்தில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அக்கா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். இந்த வாரம் வந்த படத்தில் ஒரு கோடு புள்ளி புள்ளியாக இருந்தது.