வயசாயிடுச்சுன்னு சொல்லாதீங்க, வாயைத் திறந்து பாருங்க

"வயசாயிடுச்சுல்ல, இனி இப்படித்தான் சாப்பிடும்." வயதான பூனை சரியாகச் சாப்பிடாதபோது சொல்லும் இதைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். வருஷக்கணக்கில் பூனை வளர்ப்பவர்களே சொல்கிறார்கள். தீவனம் விற்கும் கடைக்காரர் சொல்கிறார். சில இடங்களில் உதட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் டாக்டரே சொல்லி அனுப்பிவிடுகிறார். எலும்பும் தோலுமாகத் தேய்ந்துகொண்டிருக்கும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு "மூப்பு" என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதி. அதற்கோ ஒவ்வொரு வாயும் வலி.

தட்டுச் சத்தம் கேட்டதும் ஓடி வருகிறது, மோந்து பார்க்கிறது, ஒரு வாய் எடுத்ததும் தலையை ஒருபக்கம் சாய்க்கிறது, கவ்வியதைக் கீழே போட்டுவிட்டு முன்னங்காலால் வாயைத் தட்டிக்கொள்கிறது, சில நேரம் சாப்பாட்டைப் பார்த்தே சீறிவிட்டு ஓடுகிறது. இது பசியில்லாத பூனையா? பசித்த பூனை, வாய் வலிக்கிற பூனை. கூடவே கவனியுங்கள்: ஒரே பக்கமாக மெல்லுவது, எச்சில் வழிவது, தாடை வெடவெடவென்று ஆடுவது, வாய் நாற்றம், நக்கிச் சுத்தம் செய்யாததால் முதுகு முடி திரிதிரியாக நிற்பது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே வாயைப் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறிலும் பூனை தட்டுவரை வந்து குமட்டலில் திரும்பிப் போகும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

பூனைக்கு 30 பற்கள். வயதான பூனைகளில் மிகச் சாதாரணமாக வருவது பல் கரைதல். பல்லின் கழுத்தில், ஈறு தொடும் இடத்தில், உடம்பே பல்லை அரிக்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஈறு பல்மேல் ஏறி வளர்ந்ததுபோல ஒரு சிவப்புத் திட்டு மட்டும்தான் தெரியும். உள்ளே நரம்பு திறந்து கிடக்கும். நமக்குச் செய்வதுபோல இதை அடைக்க முடியாது, எடுத்தே ஆகவேண்டும். வேர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பல் எக்ஸ்ரே இல்லாமல் சொல்லவே முடியாது. அந்த எக்ஸ்ரே கருவி பல கிளினிக்குகளில் இல்லை என்பது இன்னொரு கோபம். இன்னொன்று வாய்ப்புண் நோய்: தொண்டை ஓரம்வரை ஈறு கன்றிச் சிவந்து, தொட்டாலே ரத்தம் கசியும்.

இந்த வாயை வைத்துக்கொண்டு, காய்ந்த உருண்டைகளாக வரும் ட்ரை ஃபுட் தின்னச் சொல்கிறோம். "கடிச்சுத் தின்னா பல்லு சுத்தமாகும்" என்று சொல்லியே விற்கிறார்கள். சாதாரண ட்ரை ஃபுட் உருண்டை பல்நுனி பட்டதும் உடைந்து சிதறிவிடும், ஈறோரத்தைத் தொடுவதே இல்லை. பல உருண்டைகளைப் பூனை மெல்லாமல் விழுங்குகிறது. பல்லுக்கென்றே பெரிய உருண்டையாக, நார் அமைப்போடு செய்யும் தீவனம் தனி வகை. அதுவும் நல்ல பல் இருக்கும் பூனைக்குத்தான் உதவும்.

சரி, பாக்கெட்டில் ஈரமாக வரும் வெட் ஃபுட் வாங்கினால் அங்கேயும் கொடுமை. முதிய பூனைக்கு என்று அட்டையில் போட்டிருப்பான். பிரித்தால் ஜெல்லியில் மிதக்கும் கெட்டித் துண்டுகள். பூனை குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவிடும். "சாப்பிட்டுடுச்சு" என்று நாம் நினைத்துக்கொள்வோம். கணக்குப் பாருங்கள். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி வேண்டும். 70 முதல் 85 கிராம் பாக்கெட் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 60 முதல் 80. மூன்று பாக்கெட்டையும் முழுதாகத் தின்றால்தான் எடை நிற்கும். குழம்பை மட்டும் நக்கும் பூனை பட்டினி கிடக்கிறது. மாவாக அரைத்து வரும் வகை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம்.

ஆகவே அரைப்பது நம் வேலை. பாக்கெட்டை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு ஓட்டுங்கள். பதம் இட்லி மாவு. அதைவிடத் தண்ணியானால் வயிறு நிரம்பும், கலோரி சேராது. கெட்டியானால் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பூனை திணறும். ட்ரை ஃபுட்தான் கட்டுப்படியாகும் என்றால் 50 கிராமுக்கு 75 முதல் 100 மில்லி வெதுவெதுப்பான நீர் ஊற்றி, 20 நிமிடம் மூடி வைத்து, பிறகு அரையுங்கள். ஐந்து நிமிடம் ஊறியதைக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. வெளியே மெத்தென்று இருந்தாலும் நடுவில் கல்லாக நிற்கும். அது நரம்பு திறந்த பல்லில் ஒருமுறை பட்டால் போதும், அந்த உணவையே பூனை வெறுத்துவிடும், மணத்துக்கே ஒதுங்கிப் போகும். கொதிக்கும் நீரும் வேண்டாம், பி1 வைட்டமின் சூட்டில் அழியும். ஊறவைத்தது நம்மூர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். குளிர்ச்சி பல்லில் சுரீர் என்று ஏறும், மணமும் எழும்பாது. முதிய பூனை மோந்துதான் சாப்பிட வருகிறது. டம்ளரில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஐந்து நிமிடம் நிறுத்தி, கலக்கி, விரலில் தொட்டுப் பார்த்து உடம்புச் சூட்டில் கொடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு இடம் ஜில்லென்றும் ஒரு இடம் சுடச்சுடவும் இருக்கும். குழிந்த கிண்ணத்தை எடுத்துவிட்டு, விளிம்பு லேசாக எழும்பிய அகலத் தட்டு வையுங்கள். பல் வலிக்கும் பூனை நாக்கால் தள்ளித்தான் சாப்பிடும், அந்த விளிம்பில் அணைத்து எடுத்துக்கொள்ளும். தட்டு வழுக்காமல் அடியில் ஈரத்துணி, தரையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. உயரம், ஒரு நாளைக்கு ஐந்தாறு சின்ன வேளைகள். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யச் சோம்பல் என்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள், வயதின்மேல் பழி போடாதீர்கள்.

அடுத்தது வீட்டு வைத்தியம். "தயிர்சாதம் குழைச்சு வைங்க, மெத்துன்னு இருக்கும்." பூனை அசைவப் பிராணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வேகவைத்த கோழியை அரைத்து மேலே தூவுவது ருசிக்கு நல்லது, ஆனால் கால்சியம் இல்லாத அதையே முழுச் சாப்பாடாக்கக் கூடாது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சை மீனில் பல வகைகளில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்து முள் எடுத்துத்தான் தரவேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசம், பல்வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பது. 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதன் ஈரலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியை இழந்து ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஈறில் கிராம்பு எண்ணெய் தடவுவதும் பூனைக்கு விஷம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொல்லி என்ன பயன்?

பூனைத் தின்பண்டமாக விற்கும் க்ரீம் ட்யூபை மட்டும் நக்கக் கொடுத்து நாளை ஓட்டுகிறவர்களுக்கு: பெரும்பாலும் 14 கிராம் ட்யூபில் 10 கிலோகலோரிகூட இல்லை, அது முழு உணவும் இல்லை. சிரிஞ்சில் ஊட்டுவதாக இருந்தால் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சை, கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னத்து ஓரமாக வைத்து, ஒருதடவைக்கு 1 மில்லி, விழுங்கியதைப் பார்த்தபிறகு அடுத்தது. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரும். 24 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று உட்காராதீர்கள். சில நாள் பட்டினியிலேயே, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அரைத்துக் கொடுப்பது நோயை ஆற்றாது. ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு அனுப்புவதும் ஆற்றாது, ஊசியின் வேகம் இருக்கும்வரை சாப்பிடும், பிறகு பழைய கதை. மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம் செய்கிறோம் என்பவர்கள் பல்லில் படிந்து வெளியே தெரியும் காறையை மட்டும் சுரண்டுகிறார்கள், ஈறுக்கு அடியில் இருக்கும் சீழ் அப்படியே கிடக்கும். "இந்த வயசுல மயக்க மருந்து தாங்காது" என்பதும் பரிசோதனை செய்யாமல் சொல்லும் வார்த்தை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, ரத்த அழுத்தம், இதயம் பார்த்துவிட்டுத் தாங்குமா தாங்காதா என்று சொல்லட்டும். "பல்லெல்லாம் எடுத்துட்டா எப்படிச் சாப்பிடும், பாவம்" என்கிறார்கள். பூனைக்குப் பல் இரையைப் பிடித்துக் கிழிக்க. தட்டில் கிழிக்க என்ன இருக்கிறது? பல் எடுத்தபின் 10 முதல் 14 நாள் கூழ் உணவு, பிறகு பல பூனைகள் ட்ரை ஃபுட்டையே விழுங்கித் தின்னும்.

கிளினிக்கில் பயந்துபோன பூனை எதுவும் சாப்பிட்டுக் காட்டாது. அதனால் வீட்டில் அது சாப்பிடுவதை, தலை சாய்ப்பதும் கீழே போடுவதும் தெரியும்படி, பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள், 4 கிலோவில் 200 கிராம் குறைவது சின்ன விஷயமில்லை. இரண்டையும் டாக்டர் முன்னால் வைத்து, கடைவாய்ப் பல்வரை உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே வயது என்றால் வேறு டாக்டரிடம் போங்கள்.