அந்த ரிஜிஸ்டரில் நான் எழுதிய ஒரு வரி

லேபர் வார்டில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே நான் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்று மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இரவு இரண்டரை மணி இருக்கும். முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்த பையன். எடை ஒரு கிலோ அறுநூறு கிராம். அழவில்லை. ஆனால் தொப்புள்கொடியைப் பிடித்திருந்த என் விரல்களுக்குத் துடிப்பு தெரிந்தது. ஆம்பு பேக் வைத்து மூச்சுக் கொடுத்தோம். இரண்டு மூன்று தடவை அவனாகவே வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். இருபது நிமிஷம் போராடினோம். அப்புறம் துடிப்பு நின்றுவிட்டது.

கையைக் கழுவிவிட்டு வந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். மூத்த சிஸ்டர் பக்கத்தில் வந்து, "இறந்து பிறந்ததுன்னே போட்டுடும்மா. இல்லேன்னா பிறப்புக்கு ஒரு சான்றிதழ், இறப்புக்கு ஒரு சான்றிதழ், அதுக்கு மேல விசாரணை. இருக்கிற வேதனையில அந்தக் குடும்பத்தை ஏன் இன்னும் அலைய விடணும்?" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. விடியும்வரை அந்தத் தாயின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தது அவர்தான். நானும் அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இதில் தெளிவாக இருக்கிறது. வெளியே வந்த பிறகு மூச்சு, இதயத் துடிப்பு, கொடியில் துடிப்பு, தசையின் தெளிவான அசைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும், அது உயிரோடு பிறந்த குழந்தை. எத்தனை நிமிஷம் வாழ்ந்தது என்பது கணக்கில்லை. அந்தப் பையன் உயிரோடுதான் பிறந்தான். நான் எழுதிய வரியால் சிசு மரணக் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டான்.

போய்ச் சேர்ந்த இடம் அதைவிட மோசம். 2030-க்குள் எட்ட வேண்டும் என்று ஐ.நா. வகுத்த இலக்குகளில், லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் மரணம் 70-க்குக் கீழே வர வேண்டும், முதல் 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 12 ஆகவோ அதற்குக் கீழேயோ குறைய வேண்டும், ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் ஆயிரத்துக்கு 25 ஆகவோ அதற்குக் கீழேயோ குறைய வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. இறந்து பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பட்டியலில் இலக்கே கிடையாது. இத்தனைக்கும் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 19 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறப்பதாக மதிப்பீடு. அதில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல், பிரசவ வலி தொடங்கிய பிறகு உயிர் போனவர்கள். அதாவது, பக்கத்தில் ஆள் இருந்து சரியாகக் கவனித்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கக்கூடியவர்கள்.

முன்னேற்றமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1990-இல் ஐந்து வயது நிறையும் முன்னே இறந்த குழந்தைகள் ஒரு கோடியே 28 லட்சம் அளவில். 2023-இல் அது சுமார் 48 லட்சம். தாய் மரண விகிதம் 2000-இல் லட்சத்துக்கு 328 ஆக இருந்தது, 2023-இல் 197-க்கு வந்திருக்கிறது. தடுப்பூசி போட்டவர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கக் கற்றுத்தந்தவர்கள், ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியைக் கடைசிக் கிராமம்வரை கொண்டுபோனவர்கள் எல்லோருடைய உழைப்பும் அதில் இருக்கிறது. ஆனாலும் 2023-இல் மட்டும் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இறந்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருவர்.

எனக்குக் கவலை, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான். இறப்பையும் அதன் காரணத்தையும் ஒழுங்காகப் பதிவு செய்யாத நாடுகள் ஏராளம். அங்கெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் கணக்கு எடுக்கிறார்கள். "உங்களுக்கு எத்தனை குழந்தை பிறந்தது, எல்லாரும் இருக்கிறார்களா? கூடப்பிறந்த அக்கா தங்கைகளில் யாராவது பிரசவத்தின்போது இறந்தார்களா?" என்று கேட்டு, கிடைத்த பதில்களிலிருந்து நாட்டுக்கே விகிதம் போடுகிறார்கள். அமெரிக்க நிதியில் 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் இப்படிப்பட்டதுதான். 2025 தொடக்கத்தில் நிதியை வெட்டியதும் அது அப்படியே நின்றது. மருந்துக்கான பணத்தை நிறுத்தினால் ஊரே கத்தும். கணக்கெடுப்பை நிறுத்தியதற்கு யாரும் பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, பணக்கார நாட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2003-இல் இறப்புச் சான்றிதழில் ஒரு கட்டம் சேர்த்தார்கள். இறந்த பெண் கர்ப்பிணியா, அண்மையில் கர்ப்பமாக இருந்தாரா என்று டிக் அடிக்க வேண்டும். நல்ல யோசனைதான். அதுவரை விடுபட்டுப்போன மரணங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் அதைக் கொண்டுவரவில்லை. 2017 வரை இழுத்தது. ஒரு மாநிலம் புதுப் படிவம், இன்னொரு மாநிலம் பழைய படிவம் என்று இருந்ததால், ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிடவே முடியாத நிலை. 2007-க்குப் பிறகு 2018 வரை நாட்டுக்கென்று ஓர் அதிகாரப்பூர்வ தாய் மரண விகிதத்தை அவர்களால் வெளியிட முடியவில்லை. போதாக்குறைக்கு, 85 வயது தாண்டிய பாட்டிகளுக்கெல்லாம் 'கர்ப்பிணி' கட்டத்தில் டிக் விழுந்திருந்தது! பிறகுதான் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் கட்டத்தை நம்புவதில்லை என்று விதியை மாற்றினார்கள். ஒரு சின்னக் கட்டத்தை யார், எந்த நேரத்தில், எவ்வளவு கவனத்தோடு நிரப்புகிறார்கள் என்பது ஒரு நாட்டின் தாய் மரணக் கணக்கையே மேலும் கீழும் ஆட்டிவிடுகிறது.

அதே நாட்டில் சராசரிக்குள் ஒளிந்திருப்பதையும் பார்க்க வேண்டும். கறுப்பினப் பெண்கள் பிரசவத்தை ஒட்டி இறப்பது வெள்ளையினப் பெண்களைவிட மூன்று மடங்கு அளவில் இருக்கிறது. பிரித்துக் காட்டாத சராசரியை வெளியிட்டுவிட்டு, 'நாடு முன்னேறுகிறது' என்று யார் சொன்னாலும் எனக்கு ஏற்க முடியவில்லை.

பிரிட்டனிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1952-லிருந்து அங்கே ஒவ்வொரு தாய் மரணத்தையும் பெயரை மறைத்து விசாரிக்கிறார்கள். எந்த மருத்துவர், எந்த நர்ஸ் என்று தேடுவதில்லை. எங்கே தாமதம், எந்த அறிகுறியைக் கவனிக்காமல் விட்டார்கள், ஏற்ற வேண்டிய ரத்தம் வந்துசேர எவ்வளவு நேரமானது என்பதுதான் கேள்வி. தண்டனை பயம் இல்லாததால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்கள். ரத்தக்கட்டால் இறப்பவர்கள் எத்தனை பேர் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு வருஷம்வரை தாய்மார்களைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் தற்கொலை முன்னணியில் நிற்பதும் அப்படித்தான் தெரிந்தது. உலகக் கணக்கோ 42 நாட்களோடு நின்றுவிடும். மூன்றாவது மாதத்தில் மனமுடைந்து இறக்கும் தாய், நாட்டின் முன்னேற்ற எண்ணில் வருவதே இல்லை. தென்னாப்பிரிக்காவும் 1997-இல் தாய் மரணத்தைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்து, இதே மாதிரி விசாரணையைத் தொடங்கியது.

எங்கள் வார்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. மாதக் கூட்டத்தில் எண் ஏறியிருந்தால் நிற்கவைத்துக் கேட்பார்கள். ரத்தவங்கி எவ்வளவு தூரம், அன்றிரவு எத்தனை பேர் டூட்டியில் இருந்தோம் என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த மாதம் எண் இறங்கிவிடும். மரணம் குறைந்ததா, எழுதுவது குறைந்ததா என்பது எழுதியவர்களுக்கு மட்டும் தெரியும்.

கர்ப்பகாலப் பரிசோதனைக் கணக்கும் இப்படித்தான். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் நான்கு தடவை என்றிருந்ததை எட்டு தடவையாக்கியது. வந்தால் ஒரு டிக். வந்த பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்களா, ரத்தசோகை இருந்தால் சிகிச்சை கொடுத்தார்களா என்பது அந்த டிக்கில் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. கணக்கு ஏறினால் முதலில், 'கணக்கெடுப்பு நன்றாகியிருக்கிறதா?' என்று பாருங்கள். ஏறியதற்காக எழுதியவரைத் தண்டிக்காதீர்கள். இறந்து பிறந்த குழந்தைகளையும் எண்ணுங்கள். ஒவ்வொரு இறப்பிலும் என்ன நடந்தது என்று அந்தக் குடும்பத்தையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

இப்போது நான் வார்டில் இல்லை. புதிதாக வரும் நர்ஸ் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் நாளே, கொடியில் இரண்டு விரல் வைத்துத் துடிப்பு பார்ப்பது எப்படி என்று காட்டிவிடுவேன். துடிப்பு இருந்தால் ரிஜிஸ்டரில் எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருத்தி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்குவாள். "அப்படி எழுதினா எங்களைத் திட்ட மாட்டாங்களாக்கா?"

சில இடங்களில் திட்டுவார்கள் என்றுதான் இன்றைக்கும் நான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.